ஏர் ரைஃபிளுக்கு வீட்டில் அச்சடிக்கும் துண்டுகள்: ரெயில் மூடி, பெயர், பிளைண்டர்

10 மீட்டர் ஏர் ரைஃபிளைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். கை தாங்கும் முன்பகுதியான ஃபோர்எண்டின் அடியில் நீளமாக ஒரு அலுமினியப் பள்ளம் ஓடும். வாய் குறுகல், உள்ளே அகலம். கையை நிறுத்தும் ஹேண்ட் ஸ்டாப், ஸ்லிங் என்ற வாரின் கொக்கி எல்லாம் மாட்டுவதற்கான ரெயில் அது. ஆனால் ஏர் ரைஃபிளை நின்றுகொண்டு சுடுகிறோம். ஸ்லிங்குக்கு அங்கே வேலை இல்லை. அதனால் பலருடைய ரைஃபிளில் அந்தப் பள்ளம் சும்மா கிடந்து தூசியும் கை வியர்வையும் சேர்க்கிறது. முப்பரிமாண அச்சில் முதலில் செய்து பழக அதற்கு ஒரு மூடியைவிட நல்ல துண்டு கிடையாது. தப்பாகப் போனாலும் ரைஃபிளுக்கு ஒன்றும் ஆகாது, பதினைந்து கிராம் பிளாஸ்டிக் வீண், அவ்வளவுதான்.

எதை அச்சடிக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். காற்றழுத்தம் இருக்கும் இடம், பெல்லட் போகும் இடம், ட்ரிகர் இந்த மூன்றையும் தொடாத துண்டுதான் அலங்காரம். பாரலைக் கவ்விப் பிடிக்கும் எந்த வளையமும் வேண்டாம். சுடும்போது பாரல் அதிரும் விதமே மாறி, பெல்லட் விழும் இடம் நகரும். ஸ்ப்ரிங் ரைஃபிளில் இது இன்னும் மோசம், உதை பின்னாலும் முன்னாலும் இருமுறை வருவதால் வளையம் தானாகவே தளர்ந்து ஊர்ந்துபோகும். பாரல் நுனியில் சைலன்சர் மாதிரித் தெரியும் டம்மி உருளையும் வேண்டாம். துப்பாக்கியின் ஓசையையோ ஒளியையோ குறைக்கும் துணைப்பொருளை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. "சும்மா அழகுக்கு சார்" என்று ரயில்வே ஸ்டேஷனில் பை சோதிப்பவரிடம் விளக்கிக்கொண்டிருப்பது சுகமான வேலை அல்ல.

சிலிண்டருக்கு உறை போடும் ஆசையும் பலருக்கு வரும். மேட்ச் ரைஃபிள் சிலிண்டரில் 200 பார் காற்று நிற்கிறது. திருகு வைத்து இறுக்கும் உறை அந்த அலுமினியத்தில் கீறல் போடும். அழுத்தம் தாங்கும் சுவரில் கீறல் என்பது விரிசலுக்குப் போட்டுக்கொடுக்கும் பிள்ளையார் சுழி. போதாததற்கு, சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை உறை மறைத்துவிடும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி சிலிண்டருக்கு அதிகபட்சம் 10 ஆண்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சுடுபவருடையது. அழுத்தம் காட்டும் மானோமீட்டர் முகமும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். அலங்காரம் கட்டாயம் வேண்டுமென்றால் மெல்லிய வினைல் ஸ்டிக்கரே போதும்.

அளவு எடுப்பது

ரெயில் எல்லாம் ஒரே அளவு என்று நம்பி இணையத்திலிருந்து ஃபைலை இறக்கினால் பாதி நேரம் பொருந்தாது. ரெயில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும், ஆனோடைஸ் பூச்சின் தடிமனும் சேரும். 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர் ஒன்று போதும். நான்கு அளவு வேண்டும்: வாயின் அகலம், உள்ளே அகன்ற பகுதியின் அகலம், வாயைக் குறுக்கும் உதட்டின் தடிமன், பள்ளத்தின் மொத்த ஆழம். வாயின் அகலத்தை மூன்று இடத்தில் எடுங்கள், இரண்டு முனையிலும் நடுவிலும். மூன்றில் சின்னதை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உள்ளகலத்துக்குக் காலிப்பரின் உள் தாடை எட்டாது. ஒரு துண்டு மாவுக்களிமண்ணை, அதாவது குழந்தைகள் விளையாடும் கிளேயை, பள்ளத்தின் முனையில் அழுத்தி, நீளவாக்கில் உருவி எடுத்து, அந்த அச்சை அளந்துகொள்ளலாம்.

ரைஃபிளின் உடற்பகுதியான ஸ்டாக்கின் வளைவோடு ஒட்டி உட்கார வேண்டிய துண்டு என்றால், அந்தக் காலத்தில் காசை வைத்துப் பென்சிலால் தேய்த்தோமே, அதே வேலைதான். தாளை விளிம்பின் மேல் வைத்துப் பென்சில் படுக்கைவசமாகத் தேய்த்து, ஸ்கேன் செய்து, கூடவே வைத்த ஸ்கேலின் 100 மி.மீ.யைக் கொண்டு அளவை நிலைநிறுத்துங்கள். போனில் படம் எடுத்தால் மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டப்போய் எடுத்தால் முனைகள் கோணி, வளைவு பொய்யாக வரும்.

குறுக்குவெட்டு

மூடிக்கு மூன்று அடுக்கு: வெளியே தெரியும் தட்டு, வாய்க்குள் இறங்கும் கழுத்து, உதட்டுக்குப் பின்னால் பிடிக்கும் சிறகு. தட்டு 16 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். கழுத்து வாயைவிட 0.3 குறைவு, வாய் 11.0 என்று வந்தால் கழுத்து 10.7. தட்டுக்கும் சிறகுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, உதட்டுத் தடிமனைவிட 0.2 கூடுதல்.

பெரும்பாலோர் சறுக்குவது சிறகில்தான். பள்ளத்தின் உள்ளகலம் முழுவதையும் நிரப்ப நினைத்துப் பக்கத்துக்கு நான்கு மி.மீ. சிறகை நீட்டுவார்கள். அச்சில் அது அந்தரத்தில் தொங்கும், அடியில் தாங்க சப்போர்ட் என்ற தற்காலிக முட்டு கேட்கும். அந்த 3 மி.மீ. சந்துக்குள் மாட்டிய சப்போர்ட்டைப் பிடுங்குவதற்குள் கழுத்தே சொரசொரப்பாகிவிடும். மூடியில் யாரும் தொங்கப்போவதில்லை. சிறகு பக்கத்துக்கு 1.2 மி.மீ. போதும், அதன் அடிப்பக்கத்தை 45 டிகிரி சாய்வாக்கிவிட்டால் சப்போர்ட்டே இல்லாமல் ஏறிவரும். அந்தச் சாய்வு உதட்டின் விளிம்பில் உட்காருவதால் மூடி தானாக நடுவுக்கும் வரும். சாய்வு வந்ததும் உதட்டு இடைவெளிக் கணக்கைச் சிறகு கழுத்தோடு சேரும் அடியிலிருந்து எடுங்கள், நுனியிலிருந்து அல்ல.

நழுவாமல் நிற்க, ஒரு முனையில் 30 மி.மீ. நீளத்துக்குக் கழுத்தின் நடுவே 1.5 மி.மீ. பிளவு. இரு பக்கமும் சின்ன நாக்கு மாதிரி ஆகிவிடும். நாக்கின் வெளிப்பக்கம் 0.4 மி.மீ. மேடு ஒன்று. ரெயிலில் தள்ளும்போது நாக்கு உள்ளே மடங்கி, மேடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பசை, டபுள் டேப் எதுவும் வேண்டாம். எண்ணெய் பூசிய வால்நட் ஸ்டாக்கில் டேப் ஒட்டிப் பிய்த்தால் பூச்சும் சேர்ந்து வரும்.

முழு நீளத்தையும் அச்சடிக்கும் முன் அந்தக் குறுக்குவெட்டில் 5 மி.மீ. நீளத் துண்டுகள் மூன்று மட்டும் எடுங்கள். கழுத்து 10.6, 10.7, 10.8. ஒவ்வொன்றிலும் எண்ணைப் பொறித்துவிடுங்கள், இல்லையென்றால் மேசையில் மூன்றும் ஒன்றுபோல் கிடந்து குழப்பும். மூன்றும் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிட வேலை. சட்டை தைக்கும் முன் டெய்லர் வெள்ளை நூலில் ஓட்டித் தைத்துப் போட்டுப் பார்ப்பதைப் போல. விரல் நுனியால் தள்ளினால் நகர்ந்து, விட்டால் நிற்கிற துண்டின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 10.7 இறுக்கமாக இருந்து 10.6 ஆடினால் 10.65 போடத் தயங்க வேண்டாம்.

அச்சு

பிளாஸ்டிக் வெளிவரும் நாசில் 0.4 மி.மீ., அடுக்கு 0.2 மி.மீ., சுவர் 4, நிரப்பு 20 சதவீதம். தட்டின் வெளிமுகம் கீழே, பிரிண்டர் மேசையைத் தொட்டபடி. மேசைமேல் போடும் சொரசொரப்பான பிஇஐ ஷீட் இருந்தால் அதன் மணல் போன்ற பதம் வெளிமுகத்தில் இறங்கி, அச்சடித்த துண்டு என்றே தெரியாது. நுனியில் நிற்கவைத்து அச்சடிக்காதீர்கள். 200 மி.மீ. உயரத்தில் ஆடும் என்பது ஒரு பக்கம். அடுக்குகள் நாக்குக்குக் குறுக்கே விழுவதால் முதல் முறை மடங்கும்போதே நாக்கு 'டக்' என்று முறியும். படுக்கவைத்தால் இழைகள் நாக்கின் நீளவாக்கில் ஓடும், நூறு முறை மடக்கினாலும் தாங்கும்.

முதல் அடுக்கு மேசையில் நசுங்கி வெளியே பிதுங்குவதால் தட்டின் விளிம்பு கைக்குக் கத்தி மாதிரிப் படும். மாடலிலேயே 0.4 மி.மீ. சாம்ஃபர், அதாவது விளிம்புச் சரிவு, போட்டுவிட்டால் தீர்ந்தது. நீளமான துண்டின் இரு முனையும் மேசையிலிருந்து தூக்கினால் மூலைகளில் 10 மி.மீ. வட்டக் காதுகள் ஒரே அடுக்கு தடிமனில் வையுங்கள், பிறகு பிளேடால் நறுக்கிவிடலாம். மேசை 220 மி.மீ. என்றால் மூடியை மூலைவிட்டத்தில் படுக்கப்போடுங்கள். அதற்கும் மிஞ்சினால் இரண்டாக வெட்டிவிடுங்கள். பள்ளத்துக்குள் போனபின் இணைப்பு ஒரு மயிரிழைக் கோடாகத்தான் தெரியும். ஜிக்சா பல் எல்லாம் வீண் வேலை.

பொருள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: பிஇடிஜி பிளாஸ்டிக். எல்லோரும் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் அழகாக வரும், ஆனால் 55 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டிக்கியில் ரைஃபிள் பெட்டி இரண்டு மணி நேரம் கிடந்தால் பிஎல்ஏ மூடி வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்து, ரெயிலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிஇடிஜி ஏறக்குறைய 75 டிகிரி வரை தாங்கும். ஏஎஸ்ஏ இன்னும் மேல், 100ஐ ஒட்டி. ஆனால் நாற்றமும் வளைவும் மூடிய பிரிண்டர் கேட்கும், இந்தச் சின்ன மூடிக்கு அது தேவையில்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் பிஇடிஜி ஈரம் குடித்துச் சிலந்தி நூல் விடும். அச்சடிக்கும் முன் 65 டிகிரியில் 6 மணி நேரம் உலர்த்துங்கள். அந்த நூல் வெறும் அழகுக் குறை அல்ல. பெல்லட் வைக்கும் வாய்க்குள் ஒரு இழை விழுந்தாலும் தொல்லைதான். ரைஃபிள் பக்கம் கொண்டுபோகும் முன் லைட்டரின் வெப்பக்காற்றில் ஒரு வீச்சு காட்டி, துணியால் துடைத்துவிடுங்கள்.

விதிப் புத்தகம் குறுக்கே வரும் இடம்

போட்டிக்குப் போகிறவர்கள் இங்கே நிற்க வேண்டும். ஏர் ரைஃபிளில் ஃபோர்எண்டின் அடிமட்டம் பாரலின் மையக்கோட்டிலிருந்து 120 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் தட்டு 2 மி.மீ. தடிமன், ஃபோர்எண்டை ஏற்கெனவே 119 வரை இறக்கி வைத்திருந்தால் மூடி போட்டதும் 121. சோதனை மேசையில் அங்கேயே கழற்றச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ரைஃபிளுக்குத் தட்டே இல்லாமல், ரெயிலின் வாயோடு சமமாக உட்காரும் உள்மூடி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கம். ஃபோர்எண்ட், பிஸ்டல் கிரிப், ஸ்டாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றில் பிடிப்பைக் கூட்டும் பொருளைச் சேர்க்கக் கூடாது என்கிறது விதி. ஆகவே டிபியு ரப்பரில் அச்சடித்த மூடி, வைர வைரமாக மேடு வைத்த தட்டு, மணல் தூவிய பெயிண்ட் எல்லாம் கை தாங்கும் இடத்தில் வந்தால் அலங்காரம் என்ற பெயரை இழந்துவிடும். கடின பிஇடிஜி, வழவழப்பான முகம் என்றால் பேச்சுக்கு இடமில்லை. எடை வரம்பு 5.5 கிலோ. 200 மி.மீ. மூடி 15 கிராமுக்குள் அடங்கும், எடையைக் கூட்டிக் கூட்டி 5.49இல் நிற்கிறவர்கள் மட்டும் தராசு பார்க்கட்டும்.

தமிழில் பெயர் பொறிப்பது

இங்கேதான் ஆசையும் அதிகம், அடிபடுவதும் அதிகம். மாடல் வரையும் பல கேட் (CAD) மென்பொருள்களின் எழுத்துக் கருவியில் தமிழைத் தட்டினால் 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறி விழும். சண்டை போடாமல் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பொருளைப் பாதையாக மாற்றி, எல்லாப் பாதைகளையும் யூனியன் செய்து, எஸ்விஜியாகக் கொண்டுவாருங்கள். யூனியனை மறந்தால் எழுத்தும் அதன் விலங்கும் ('கி'யின் மேல் வளைவு மாதிரி) ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் ஓட்டை விழும்.

தட்டின் 16 மி.மீ.யில் ஓரத்துக்கு இரண்டிரண்டு விட்டால் மிச்சம் 12. ஆங்கில எழுத்து என்றால் 12ஐயும் நிரப்பிக்கொள்ளும். தமிழில் 'கி'யின் விலங்கு மேலே, 'மு'வின் வால் கீழே என்று இரண்டு பக்கமும் இடம் கேட்பதால் எழுத்தின் உடலுக்கு 7 மி.மீ. கிடைப்பதே பெரிது. 0.4 நாசிலுக்குக் கோட்டின் தடிமன் குறைந்தது 0.8 இருக்க வேண்டும். இப்போது 'ண'வைப் பாருங்கள்: 7 மி.மீ. உயரத்தில் மூன்று சுழி, ஒவ்வொரு சுழிக்குள்ளும் அரை மி.மீ. வெற்றிடம். தடித்த எழுத்துரு எடுத்தால் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். முக்தா மலர், கேட்டமரன் மாதிரி ஒரே தடிமன் உள்ள எழுத்துருவில் நடுத்தரக் கனத்தை எடுத்து, எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் சரியாக வரும். புள்ளியின் விட்டத்தைத் தனியாகப் பிடித்து 1.0 மி.மீ. ஆக்குங்கள். மாடலை அடுக்குகளாக வெட்டும் ஸ்லைசர் மென்பொருள் அதைவிடச் சின்னப் புள்ளியை விழுங்கிவிட்டால் 'கண்ணன்' 'கணணன' ஆகி நிற்பார். 'ஸ்ரீ' வேண்டுமென்றால் அகலமான தட்டு போடுங்கள், 16 மி.மீ.யில் அது வராது.

இரண்டு நிறம் வேண்டும், ஆனால் பிரிண்டருக்கு ஒரே நாசில்தானா? முதலில் எழுத்துகளை மட்டும் ஒரே அடுக்கில், 0.28 உயரத்தில் அச்சடித்து மேசையிலேயே விட்டுவிடுங்கள். ஷீட்டை அசைக்கக் கூடாது. ஃபிலமென்ட்டை மாற்றி, எழுத்து வடிவில் குழி விட்ட முழு மூடியை, முதல் அடுக்கு அதே 0.28 வைத்து, அதன் மேலேயே ஓட்டுங்கள். எழுத்தைச் சுற்றி 0.05 இடைவெளி போதும். எழுத்தை இரண்டு அடுக்காக்கினால் இரண்டாம் ஓட்டத்தில் நாசில் அதில் இடித்து இழுத்துக்கொண்டு போகும். நிறத்திலும் ஒரு சூட்சுமம்: கறுப்பு மூடியில் வெள்ளை எழுத்து என்றால், 0.28 தடிமனில் பின்னாலிருக்கும் கறுப்பு கசிந்து எழுத்து அழுக்குச் சாம்பலாகத் தெரியும். சாம்பல் அல்லது மஞ்சள் மூடியில் கறுப்பு எழுத்து வையுங்கள், பளிச்சென்று இருக்கும்.

முகம் கீழே பார்த்து அச்சடிப்பதால் மாடலைப் புரட்டிப் போட வேண்டும். புரட்டுவது என்றால் 180 டிகிரி சுற்றுவது. கேட்டில் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பம் எடுத்துவிட்டு, ஸ்லைசரிலும் புரட்டினால் ஆம்புலன்ஸ் முகப்பில் இருப்பதுபோல் பெயர் திரும்பி வரும்.

பிளைண்டர்

குறி பார்க்காத கண்ணை மறைக்க டயாப்டரில், அதாவது பின் சைட்டில், மாட்டும் தகடு. கடையில் வாங்குவதும் ஒரு பிளாஸ்டிக் துண்டுதான், வீட்டில் செய்வதில் நஷ்டமில்லை. விதிப்படி உயரவாக்கில் 30 மி.மீ.க்கு மேல் கூடாது, பின் சைட்டின் துளை மையத்திலிருந்து குறி பார்க்காத கண் பக்கம் 100 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது, குறி பார்க்கும் கண் பக்கம் எதுவும் இருக்கக் கூடாது. காலிப்பர் தகராறு வராமல் 28க்கு 95 என்று வையுங்கள்.

பின் சைட்டில் திருகும் ஐரிஸ் துளைக் கருவியின் மரை எம்9.5 × 1. தகட்டில் 9.8 மி.மீ. துளையிட்டு, ஐரிஸுக்கும் சைட்டுக்கும் நடுவில் கடித்துப் பிடிக்கச் செய்யலாம். துளையைச் சுற்றித் தடிமன் 1.0 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். மரையின் பிடியை அது தின்னும். இரண்டு மி.மீ. தகடு வைத்து, இரண்டு சுற்றில் நிற்கும் ஐரிஸ் கழன்று விழுந்தால் அதன் விலை உங்கள் பிரிண்டர் விலைக்கு வெகுதூரத்தில் இல்லை. நிறம் மங்கலான வெள்ளை. கறுப்பு போட்டால் ஒரு கண் இருட்டிலும் ஒரு கண் வெளிச்சத்திலும் இருக்க, கண்பாப்பாக்கள் ஒன்றோடொன்று இழுபடும். மினுமினுப்பான பட்டு பிஎல்ஏ வகை சைட் பக்கமே வரக் கூடாது, மேலே எரியும் விளக்கு அதில் பிரதிபலித்துக் கண்ணில் அடிக்கும்.

மசில் மூடியும் கொடியும்

பெட்டியில் வைக்கும்போது பாரல் நுனிக்குத் தூசி மூடி கேட்பார்கள். டிபியு 95ஏ, உட்துளை நுனியின் விட்டத்தைவிட 0.3 குறைவு, கையால் இழுத்தால் வரவேண்டும். ஆனால் வடிவத்தில் ஒரு கண்டிப்பு: மூடியின் மேல் ஒரு தடுப்புத் தகடு எழும்பி முன் சைட்டை முழுதாக மறைக்க வேண்டும். மூடி மாட்டியிருக்கும்வரை குறியே பார்க்க முடியாது, மறந்துபோய்ச் சுடவும் முடியாது. சின்னதாக, அழகாக, கறுப்பில் செய்த மூடிதான் ஒருநாள் பெல்லட்டோடு பறக்கும். சிவப்பு அல்லது ஆரஞ்சில் மட்டும் செய்யுங்கள்.

துப்பாக்கி காலி என்று காட்டச் செருகும் பாதுகாப்புக் கொடியையும் இதே ஆரஞ்சு டிபியுவில் செய்துவிடலாம் என்று தோன்றும். ஏர் ரைஃபிளுக்கு வெறும் கொடி செல்லாது. கொடியோடு சேர்ந்த கயிறு பாரலின் முழு நீளத்துக்கும் ஓடி மறுமுனையில் வெளியே தெரிய வேண்டும். துளை 4.5 மி.மீ. என்பதால், புல்வெட்டும் இயந்திரத்துக்கு விற்கும் 2.4 மி.மீ. நைலான் கம்பி, ஆரஞ்சு நிறத்தில், சரியாகப் போகும். அச்சடிப்பது கைப்பிடிக் கொடி மட்டும்: 60க்கு 25 மி.மீ., 2 மி.மீ. தடிமன், ஒரு முனையில் 2.3 மி.மீ. குழல், 15 மி.மீ. ஆழம். கம்பி நுனியைத் தீயில் காட்டினால் உருண்டை விழும், அந்த உருண்டை பாரலின் உட்சுவரை உரசும். தீ வேண்டாம், நறுக்கி, நுனியை 400ஆம் எண் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். கம்பி சுருளிலிருந்து வந்ததால் வளைந்தே நிற்கும், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு நேராக இழுத்துக் குளிர விட்டால் தானாக உள்ளே ஓடும்.